கோப்பின் குணம் அறிவோம்

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது நம் முன்னோர் வாக்கு. அது கணிப்பொறிக்கும் பொருந்தும் என்பதை இவ்வாண்டு நாங்கள் அனுபவத்தில் கண்டோம்.

இந்த மலருக்காகச் சேர்த்த கட்டுரைகளும் விளையாட்டு விழாப் படங்களும் ஒரு பென்டிரைவில் இருந்தன. அச்செடுப்பதற்காக அதை வெளியே கொண்டுபோய் வந்த மறுநாள், பள்ளிக் கணிப்பொறியில் செருகிப் பார்த்தோம். 'மலர்' என்ற கோப்புறையைக் காணோம்! கொண்டுபோனவள் எங்கள் வகுப்புத் தோழி. "நீதான் அழித்துவிட்டாய்" என்று ஆளுக்கு ஆள் அவளைக் குறை கூறினோம். அவள் அழுதேவிட்டாள்.

எங்கள் கணிப்பொறி ஆசிரியை மட்டும் பதறவில்லை. "கோப்புறையைக் காணோம் என்கிறீர்கள். ஆனால் பென்டிரைவில் இடம் நிரம்பியிருக்கிறதே! பழி சொல்லும் முன் கேட்டுப் பார்க்க வேண்டாமா?" என்றார். "யாரைக் கேட்பது, மிஸ்?" என்றோம். "இயக்க அமைப்பைத்தான்" என்றார்.

அன்று நாங்கள் கற்றதை உங்களுக்கும் சொல்கிறோம்.

வீட்டில் ஊறுகாய் ஜாடியின் மேல் அம்மா சீட்டு ஒட்டி வைப்பார். ஜாடியைத் திறக்காமலே உள்ளே இருப்பது எலுமிச்சையா, நாரத்தையா, என்று போட்டது என்று அறியலாம். ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் இப்படி ஒரு சீட்டு உண்டு. பென்டிரைவுகளில் பெரிதும் வழங்கும் ஃபேட்-32 முறையில் அந்தச் சீட்டின் நீளம் 32 பைட். முதல் 11 பைட்டுகளில் சுருக்கப் பெயர் இருக்கும். அடுத்த ஒரே ஒரு பைட்டில் அதன் பண்புகள் இருக்கும். எம்.எஸ்.-டாஸில் கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் வசதி, அதன் 2.0 பதிப்பு வெளிவந்த 1983-ஆம் ஆண்டில் வந்தது.

பள்ளி அலுவலகத்துக்குள் நாமே புகுந்து பதிவேட்டைப் புரட்ட முடியாது. வெளியே நின்று கேட்டால் எழுத்தர் பார்த்துச் சொல்வார். அதுபோல, நாம் எழுதும் நிரல் இயக்க அமைப்பிடம் கேட்டுப் பெறுவதே முறை. விண்டோஸில் இதற்கென உள்ள செயற்கூறு 'கெட்ஃபைல்ஆட்ரிபியூட்ஸ்'. கோப்பு இருக்கும் இடத்தையும் பெயரையும் கொடுத்தால், விடையாக ஓர் எண் வரும். அந்த எண்ணில் அடங்கும் முக்கியப் பண்புகள் இவை:

1 – படிக்க மட்டும்
2 – மறைக்கப்பட்டது
4 – இயக்க அமைப்புக்கு உரியது
16 – கோப்புறை
32 – புதிதாக எழுதப்பட்டது அல்லது மாற்றப்பட்டது. நகல் எடுக்க வேண்டும்

எண்கள் ஏன் இப்படித் தாவுகின்றன? மளிகைக் கடை எடைக்கற்களை நினைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் முன்னதைப் போல் இரு மடங்கோ அதற்கு மேலோ இருப்பதால், எந்தக் கூட்டுத்தொகையையும் ஒரே வழியில்தான் பிரிக்க முடியும். 3 என்று வந்தால் அது 1-ம் 2-ம் தான். 33 என்றால் 32-ம் 1-ம் தான். ஒரே எண்ணில் பல செய்திகளை இவ்வாறு குழப்பமின்றி வைக்கலாம்.

நாங்கள் ஆவலோடு நிரலை ஓட்டினோம். வந்த விடை 4294967295! "எல்லாப் பண்பும் இருக்கிறது போலும்" என்றாள் ஒருத்தி. ஆசிரியை சிரித்தார். 32 பிட்டுகளும் 1 ஆக இருக்கும் இந்த எண்ணுக்கு 'கேட்டது கிடைக்கவில்லை' என்பதே பொருளாம். இதைச் சோதிக்க மறந்த நிரல், இல்லாத ஒன்றையும் 'கோப்புறை' என்று நம்பிவிடும். காரணம் அறிய 'கெட்லாஸ்ட்எர்ரர்' என்று இன்னொரு செயற்கூறு உண்டு. அது 2 என்றால் அக்கோப்பு இல்லை. 3 என்றால் வழி தவறு. 5 என்றால் அனுமதி இல்லை. எங்களுக்கு வந்தது 2. பார்த்தால், அவசரத்தில் பெயரை எழுத்துப் பிழையோடு அடித்திருந்தோம்!

பிழையைத் திருத்தி மீண்டும் கேட்டோம். இம்முறை வந்த விடை 22. எல்லாரும் விரல்விட்டுக் கூட்டினோம். 16, 4, 2. கோப்புறை இருக்கிறது! இயக்க அமைப்புக்கு உரியது என்றும் மறைக்கப்பட்டது என்றும் யாரோ சீட்டை மாற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த 'யாரோ' ஒரு வைரஸ். வெளிக் கணிப்பொறி ஒன்றிலிருந்து தொற்றிக்கொண்டு வந்திருக்கிறது. உள்ளே இருந்த ஒரு வரியும் அழியவில்லை.

ஆசிரியை முதலில் வைரஸை நீக்கினார். பிறகு 'செட்ஃபைல்ஆட்ரிபியூட்ஸ்' என்ற செயற்கூற்றால் 4-யும் 2-யும் எடுத்துவிட்டோம். அடுத்த நொடியே 'மலர்' திரையில் மலர்ந்தது.

இதில் நாம் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. 'மறைக்கப்பட்டது' என்பது திரையே அன்றிப் பூட்டு அன்று; அதை நம்பி இரகசியம் எதையும் வைக்கக் கூடாது. மேலும், கோப்பைக் காணோம் என்றதும் பென்டிரைவை முழுவதும் துடைக்கக் கூடாது. எங்களில் சிலர் அதற்கும் துணிந்தோம். செய்திருந்தால் இம்மலரின் பாதிப் பக்கங்கள் இன்று உங்கள் கையில் இரா.

கோப்புறை திரும்பக் கிடைத்ததும் நாங்கள் செய்த முதல் வேலை, அந்தத் தோழியிடம் போய் மன்னிப்புக் கேட்டதுதான். ஒரு கோப்பைப் பற்றிக் கூட விசாரித்தே முடிவு சொல்ல வேண்டும் என்றால், கூடப் படிக்கும் சகோதரியைப் பற்றி எவ்வளவு நிதானம் வேண்டும்! "பரவாயில்லை" என்று சொல்லி அவள் சிரித்தாள். இம்மலரின் விளையாட்டு விழாப் படங்களை வரிசைப்படுத்தித் தந்தவளும் அவளே.