பவழமல்லி: உதிர்ந்த பூவின் ஏற்றம்

நிலத்தில் வீழ்ந்த பூ திருவாராதனத்திற்கு ஆகாது என்பது பொது விதி. பவழமல்லியோ இதற்கு விலக்கு. இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிர்வது அதன் இயல்பாதலின், உதிர்வு இங்குக் குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை.

குறிஞ்சிப்பாட்டில் வரும் 'சேடல்' என்பதற்கு நச்சினார்க்கினியர் பவழக்கான் மல்லிகை என்றே பொருள் கூறுவர். பவழநிறக் காம்பே பெயர்க்காரணம். வடமொழியில் இதற்குப் பாரிஜாதம் என்னும் பெயரும் உண்டு. ஆயினும் ஸத்யபாமைப் பிராட்டிக்காகக் கண்ணன் இந்திரன் காவினின்று கொணர்ந்தது தேவதரு. புழக்கடைச் செடியை அதனோடு ஒன்றாக்குவது உலக வழக்கேயன்றிப் பிரமாணமன்று. அன்பினால் வந்த வழக்காதலின் அதனைக் கடிந்துரைக்கவும் வேண்டா.

காரைக்கால் வட்டாரத்தில் இச்செடிக்குப் பகை, தேங்கும் நீரே. ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் நிலத்து நீர் வடியாது நின்றால் வேர் அழுகும். ஆகவே முழ உயரம் மேடு கட்டி, மணலும் மட்கிய சாணமும் கலந்து, வெயில் படுமிடத்தில் நடுதல் நலம். விதையாலும் போத்தாலும் உண்டாகும். பூத்து ஓய்ந்தபின் தை, மாசியில் கிளைகளைக் கழித்துவிட்டால், புதிதாய் விடும் கிளைகளில் பூ மிகும்.

காரைக்காலுக்கு மேற்கே அணித்தாயுள்ளது திருக்கண்ணபுரம். அங்கிருந்து சௌரிராஜப் பெருமாள் மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். அத்தலத்திற்குரிய திருவாய்மொழியில் (9-10) நம்மாழ்வார் முதலில் மலரிட்டுத் தொழச் சொல்லி, ஐந்தாம் பாசுரத்தில், திருவடி பற்றினார் அனைவர்க்கும் எம்பெருமானே புகல் என்றருளினார். பக்திக்கு ஆற்றல் இல்லாதார்க்குப் பிரபத்தியைக் காட்டியது இது என்பது வியாக்கியான நிர்வாகம்.

பவழமல்லி இதற்கு நல்ல திருஷ்டாந்தம். முன்னிரவிலேயே செடியடியைப் பெருக்கி மெழுகித் தூய துணி விரிப்பது கைங்கரியம் செய்வாரின் பங்கு. துணி விரித்தவர் பூவை உதிர்க்கவில்லை. வருவதை மண்ணில் படாமல் ஏற்றார், அவ்வளவே. சேதனன் செய்யத்தக்கது விலக்காமை ஒன்றே என்று பூருவர்கள் அருளியது இத்தகையது. விரித்த துணி உபாயமாகாது. அதனை விரியாதிருப்பதும் அடிமைக்கு அழகன்று. பொழுது விடியுமுன் கிளையை உலுக்குவாரும் உளர். அதனைத் தவிர்க்க வேண்டும்.

மழை நாளில் சேறு பட்ட பூ, பவழமல்லியே ஆயினும் ஆகாது. அன்று திருத்துழாய் போதும்.