அரை அங்குலத்துக்கு ஒரு அடிதடி

பட்டறைக்குள் நுழைய அனுமதி கிடைத்துவிட்டது! பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலிலேயே தட்டிவிட்டு உள்ளே வாருங்கள். கதவைச் சட்டென்று சாத்திவிடுங்கள். ஹீட்டர் தின்னும் காசை நினைத்துப் பெரிய மெக்கானிக் ஏற்கெனவே முறைக்கிறார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், செல்கர்க், மொனாஷி மலைத்தொடர்களுக்கு நடுவே, கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கிற ரெவல்ஸ்டோக் ஊர் இது. பக்கத்துக் கோப்லாண்ட் மலையில் 1971-72 குளிர்காலத்தில் மட்டும் 24 மீட்டருக்கு மேல் பனி கொட்டியது. கனடாவிலேயே அது சாதனை. இப்பேர்ப்பட்ட ஊரில் ஸ்னோமொபைல் பட்டறைக்காரருக்கு டிசம்பரில் ஓய்வு ஏது?

வீடியோவில் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவுப் பொடிப்பனியைக் கிழித்துக்கொண்டு வண்டி பாயும். ஓட்டுகிறவர் முகத்தை மறைத்து வெள்ளை அலை எழும். அந்த அலையைக் கிளப்புவது வண்டிக்கு அடியில் சுற்றும் ரப்பர் பட்டை. டிராக் என்பார்கள். அதைக் கழற்றி மாட்டும் கூத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம்.

மூக்கில் முதலில் ஏறுவது டூ ஸ்ட்ரோக் ஆயில் வாசனை. அதற்குப் பின்னால் ஈரக் கையுறை, ஆறிப்போன காபி. ஜோடி தொலைத்த கையுறைகளுக்கென்று ஒரு தனி அலமாரியே இருக்கிறது. சாப்பாட்டு டப்பாவும் பல்சக்கரமும் ஒரே மேஜையில். ஜன்னலோரத்தில் ஒரு கண்ணாடி ஜாடி. மேலே கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘மிச்சமான போல்ட்டுகள். கேள்வி கேட்கக் கூடாது.’

நம் கதாநாயகனான வண்டி அதோ, சங்கிலிக் கப்பியில் பின்பக்கம் தூக்கப்பட்டுத் தொங்குகிறது. சின்ன மெக்கானிக் டிராக்கைக் கையால் மெல்ல உருட்டிக் காட்டுகிறான். குறுக்கு வரிசையாக ரப்பர் துடுப்புகள். சில இடங்களில் துடுப்பு வேரோடு காணோம். ஓரிடத்தில் ரப்பர் பிளந்து, உள்ளே புதைந்திருந்த ஃபைபர்கிளாஸ் கம்பி வெள்ளை நாராக எட்டிப்பார்க்கிறது. பருவம் தொடங்கும்போது பனி மெல்லிசாகத்தான் மூடியிருக்கும். அடியில் பாறையும் வெட்டுமரக் கட்டைகளும் காத்திருக்கும். “சின்னக் கல்லுதான்” என்று வண்டிக்காரர் சாதிக்கிறார். பையன் டிராக்கின் இடுக்கிலிருந்து ஒரு மரச்சில்லை உருவி எடுத்து, “இந்தக் கல்லுல தேவதாரு வேற வளருதா?” என்கிறான். பட்டறையே சிரிக்கிறது, வண்டிக்காரரும் சேர்ந்து.

இனிதான் நாடகம். புது டிராக் எது? வண்டிக்காரர் கண்ணில் 3 அங்குலத் துடுப்பு மின்னுகிறது. இப்போது இருப்பது இரண்டரை. கெட்டித் தடத்தில் ஓடும் சாதாரண வண்டிக்கு ஒன்றேகால் அங்குலமே போதும். மலைப் பொடிப்பனிக்குத்தான் இந்த உயரமெல்லாம். நீளத்தில் பேரத்துக்கே இடமில்லை. உள்ளே இருக்கும் சஸ்பென்ஷன் சட்டம் 165 அங்குலத்துக்கென்று செய்தது, டிராக்கும் அதேதான். ஓட்டும் சக்கரத்தின் பல்லுக்கும் டிராக்கின் பிட்ச்சுக்கும், அதாவது துடுப்பு வரிசைகளுக்கு நடுவிலுள்ள தூரத்துக்கும், பொருத்தம் பார்த்தாக வேண்டும். இங்கே 3 அங்குல பிட்ச், ஆக ஒரு சுற்றுக்கு 55 வரிசை. ஜாதகம் அதோடு முடிந்தது. மீதிச் சண்டை முழுவதும் அந்த அரை அங்குல உயரத்துக்குத்தான்.

பெரிய மெக்கானிக் வாதாடவில்லை. ஒரு மரத்துண்டை எடுத்து, டிராக் சுழலும் டனலுக்குள் விட்டுக் காட்டுகிறார். டனலின் கூரையில் குளிர்விப்பான் பதிந்திருக்கிறது. டிராக் வாரியிறைக்கும் பனி அதில் பட்டுத்தான் இஞ்சின் சூடே தணிகிறது! துடுப்பு உயர்ந்தால் அதற்கும் குளிர்விப்பானுக்கும் இடையே விரல் நுழைய இடமிருக்காது. இன்னொன்று, உயரத் துடுப்பைச் சுழற்றக் கூடுதல் பலம் வேண்டும். பலம் பத்தாவிட்டால் டிராக் வேகம் விழும். வேகம் விழுந்தால் பொடிப்பனியில் வண்டி அமிழும்.

“டர்போ இருக்கா?”

“இல்ல.”

“மலைக்குப் போற வழியெல்லாம் கெட்டித் தடம்தானே? அங்கேயே பாதித் துடுப்பைத் தேய்ச்சுட்டு வருவீங்க.”

வண்டிக்காரர் கூரையைப் பார்க்கிறார். மனசுக்குள் 3 அங்குலத்துக்கு இரங்கல் கூட்டம் நடக்கிறது. கடைசியில் இரண்டரைக்கே ஒப்புக்கொள்கிறார். என்னைக் கேட்டால், ஆசைப்பட்டு வருகிறவரிடம் விலை உயர்ந்ததைத் தள்ளிவிடாமல் மரத்துண்டைக் காட்டுகிற ஆள் கிடைப்பது பெரிய பாக்கியம்.

சுவரில் மஞ்சள் வண்டி போட்ட பழைய காலண்டர். இந்தப் பட்டை வித்தைக்கு மூலபுருஷர், கியூபெக்கின் வால்கோர்ட் ஊர்க்காரரான ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே. 1934 பனிக்காலத்தில் வழியெல்லாம் அடைபட்டு, மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் தம் சின்ன மகனைப் பறிகொடுத்தவர். ரப்பர் பூசிய பல்சக்கரமும் பட்டையும் சேர்ந்த அமைப்புக்கு 1937இல் காப்புரிமை வாங்கினார். காலண்டரில் இருக்கும் உல்லாச வண்டியான ஸ்கி-டூ 1959இல்தான் வந்தது.

சரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், வண்டியைச் சாய்க்கிறார்கள். தரையில் விரித்திருப்பது யாரோ தூக்கியெறிந்த பழைய மெத்தை. இழுவை தளர்ந்தது, நாலு போல்ட் கழன்றது, சஸ்பென்ஷன் சட்டம் மொத்தமாக வெளியே வந்தது. அப்பாடா, முடிந்தது என்று நினைத்தீர்களா? ஓட்டும் சக்கரம் மாட்டிய டிரைவ் ஷாஃப்ட் வராமல் டிராக் வராது. சங்கிலிப் பெட்டியான செயின்கேஸைப் பிரிக்காமல் ஷாஃப்ட் வராது. ஆயிலை வடித்தாயிற்று என்று பையன் சத்தியம் செய்கிறான். மூடி திறந்ததும் கடைசிச் சொட்டுகள் பெரியவரின் சட்டைக் கைக்குள் இறங்குகின்றன. அவர் சொன்னதை இங்கே அச்சடிக்க முடியாது.

புது டிராக் காலையிலிருந்தே ஹீட்டர் பக்கத்தில் குளிர் காய்கிறது. மடித்துக் கட்டி அனுப்பியிருந்ததால் விறைத்துப்போய், கட்டை அவிழ்த்ததும் துள்ளி விரிகிறது. துடுப்புகளில் கை வைத்துப் பாருங்கள். அடியில் கெட்டி, நுனியில் வளைகிற மென்மை. ஓரத்தில் ஓர் அம்புக்குறி. அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பெரியவர் ஒருமுறை பார்க்கிறார், பையனைப் பார்க்கச் சொல்கிறார், பிறகு தானே இன்னொரு முறை பார்க்கிறார். துடுப்பின் குழிவான முகம் பனியைப் பின்னால் வாரித் தள்ள வேண்டும். திருப்பி மாட்டினால் செய்த வேலை முழுவதும் முதலிலிருந்து.

சட்டத்தை டிராக்குக்குள் திணிப்பதுதான் வியர்வை கொட்டும் கட்டம். ஒரு சுற்று சின்ன உறைக்குள் தலையணையை அடைப்பது மாதிரி. வெளியே மைனஸ் குளிர், இங்கே இருவரும் பனியனோடு நிற்கிறார்கள். சஸ்பென்ஷனைப் பட்டை போட்டு இறுக்கிச் சுருக்கியாயிற்று. பெரியவர் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு போல்ட் துளையைத் தேடுகிறார். “மேலே... கொஞ்சம் கீழே... அசையாதே!” முன்பக்கம் பொருந்தினால் பின்பக்கம் நழுவுகிறது. கடைசியில் ‘ணங்’ என்று ஒரு சத்தம். நாம்கூடக் கைதட்டிவிட்டோம்!

அவர் எழுந்து முதுகை நிமிர்த்தும் நேரத்தில், பையன் ஜாடியிலிருந்து ஒரு போல்ட்டைச் சுட்டு, வண்டிக்கு அடியில் மெல்ல உருட்டிவிடுகிறான். பெரியவர் பார்க்கிறார். முகம் வெளுக்கிறது. மறுபடி படுத்து ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டி எண்ணுகிறார். ஜாடிமேல் இருக்கும் சீட்டைப் பார்த்ததும்தான் விளங்குகிறது. பறந்து வந்த ஈரக் கையுறை பையன் கழுத்தில் பட்டது.

அடுத்தது இழுவை. டிராக்கின் அடிப்பக்கம் நடுவில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று அளக்கிறார். அதிகம் இறுக்கினால் ஓட்டம் கனக்கும். அதிகம் தளர்ந்தால் பல் நழுவி ‘டக் டக்’ என்று குதிக்கும். இஞ்சினைக் கிளப்பும் முன் ஒரே அதட்டல்: “பின்னால யாரும் நிக்காதீங்க!” மெதுவாகச் சுழல்கிறது. இருபுறமும் இடைவெளி சமமா என்று குனிந்து பார்த்து, ஒரு பக்கத்து போல்ட்டைக் கால் திருப்புத் திருப்புகிறார். ஓடிவந்து நடுவில் அமர்ந்துகொண்டது டிராக்.

வண்டிக்காரர் கல்லாவில் ஆயிரம் டாலருக்கு மேல் எண்ணி வைத்துவிட்டு, போனில் அவலாஞ்ச் கனடா அமைப்பின் பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிக்கிறார். அதன் தலைமையகமும் இதே ஊரில்தான். “முதல் சவாரி முடிஞ்சதும் கொண்டு வாங்க. புது டிராக் கொஞ்சம் நீளும், மறுபடி இழுத்துக் கட்டணும்” என்கிறார் பெரியவர். பையன் அதற்குள் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டுவிட்டான்: ‘இந்த மாசமே கட்டையில் இடிப்பார்’, ‘இடிக்க மாட்டார்’. பந்தயம் ஒரு பீட்சா. பெரியவர் முதல் கட்டத்தில் பெயரை எழுதுகிறார். வண்டிக்காரர் சாக்பீஸை வாங்கிக்கொண்டு கொஞ்சம் யோசிக்கிறார். பிறகு அவரும் அதே கட்டத்தில் எழுதிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறார்.