அன்றாட உண்கலமாகப் பீங்கான்: லவ்டேல் சூழலை முன்வைத்து ஒரு வடிவமைப்பு நோக்கு

முன்னுரை

குன்னூர் – உதகை மலை இரயில் பாதையில் கேத்திக்கும் உதகைக்கும் இடையே ஏறத்தாழ 2,190 மீட்டர் உயரத்தில் லவ்டேல் அமைந்துள்ளது. ஆங்கிலேயர் குடியேற்றத்தோடு நீலகிரியில் பீங்கான் கோப்பை பரவியது. எனினும் தமிழர் அடுக்களையில் நாள்தோறும் புழங்குவது எவர்சில்வர் தட்டும் டம்ளருமே. பீங்கான் விருந்தினருக்கென அலமாரியில் காத்திருக்கிறது. இதற்கு விலையும் உடையும் தன்மையும் மட்டுமே காரணங்கள் அல்ல. வடிவமைப்பும் ஒரு காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மண்கலமும் எச்சிலும்

நீலகிரியில் மட்கலம் வனைந்தோர் கோத்தர் பெண்கள். கேத்திப் பள்ளத்தாக்கை ஒட்டிய கொல்லிமலை (நாமக்கல் கொல்லிமலை அன்று) முதலிய கோத்தர் ஊர்களிலிருந்து தோடருக்கும் படகருக்கும் பானைகள் சென்றன. அவை பெரும்பாலும் சமைக்கவும் சேமிக்கவும் பயன்பட்டன. சமவெளித் தமிழரிடமும் மண்ணுக்குரிய இடம் இதுவே. குறைந்த வெப்பத்தில் சுட்ட மண்ணில் நுண்துளைகள் மிகுதி. அவை உணவின் ஈரத்தை உறிஞ்சுவதால் எச்சிற்பட்ட கலத்தை முழுமையாகத் தூய்மை செய்ய இயலாது. உலோகத்தையோ சாம்பலும் புளியும் இட்டுத் துலக்கலாம். ஆகவே உண்பதற்கு இலையும் உலோகமும் நிலைபெற்றன. எச்சில் பற்றிய விலக்கில் சாதி சார்ந்த கூறுகளும் உண்டு; ஆயினும் நுண்துளை பற்றிய பட்டறிவும் அதனுள் அடங்கியிருப்பதை மறுக்க இயலாது.

இவ்வீடுகளில் தடையின்றி நுழைந்த ஒரே பீங்கான் ஊறுகாய் ஜாடி. உப்பும் புளிப்பும் உலோகத்தை அரிக்கும். மெருகிட்ட ஜாடியை அரிப்பதில்லை. தேவை தெளிவாக இருந்த இடத்தில் பீங்கான் ஏற்கப்பட்டது என்பதற்கு இது சான்று.

ஸ்டோன்வேர் எனப்படும் கெட்டிப்பீங்கான் 1,200 முதல் 1,300 பாகை செல்சியசு வரை சுடப்படுவது. அவ்வெப்பத்தில் மண்ணிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் உருகி நுண்துளைகளைப் பெரிதும் அடைக்கிறது. எச்சில் ஊறும் என்னும் தடை இதனால் தொழில்நுட்ப அளவில் நீங்கிவிடுகிறது. எஞ்சுவது வடிவம் பற்றிய சிக்கலே.

புதுச்சேரிப் பட்டறிவு

தமிழ்ச் சூழலில் இவ்வகைக் கலங்களைக் கையால் வனைந்து அன்றாடப் பயன்பாட்டிற்குக் கொணர்ந்த முன்னோடி, 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. சவுக்கு விறகில் எரியும் சூளை, சாம்பல் கலந்த மெருகு, உள்ளூர்த் தொழிலாளர்க்கு அளித்த பயிற்சி ஆகியவற்றால் அங்கிருந்து வேறு பல பட்டறைகளும் கிளைத்தன. அதன் வடிவமரபு பெர்னார்ட் லீச், ஹமாடா ஷோஜி ஆகியோர் வழியில் வந்தது. அதாவது ஆங்கில, சப்பானிய உணவு மேசைகளிலிருந்து வந்தது. மண்ணும் தீயும் தமிழ்நிலத்திற்கு ஏற்ப மாறிய அளவிற்குத் தட்டின் விளிம்பும் மாறவேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தத்தக்கது.

கையால் உண்போரின் தட்டு

முள்கரண்டிக்கென அமைந்த தட்டு தாழ்ந்து விரிந்த விளிம்புடையது. அதில் ரசஞ்சோறு வழிந்தோடும். பிசைந்த சோற்றை விரல்கள் ஒரு சுவரின்மேல் தள்ளியே கவளமாக்குகின்றன. ஆகவே விளிம்பு செங்குத்தை ஒட்டி உயர்தல் வேண்டும்; அடிப்பரப்பும் சுவரும் கூடுமிடம் விரல்நுனியின் வளைவுக்கு இசைய உருண்டிருத்தல் வேண்டும். மங்கல் மெருகு பார்வைக்கு அழகெனினும் விரலுக்குச் சொரசொரப்பானது. மெருகில் மயிரிழை வெடிப்பு நேரின் மஞ்சள் கறை அதில் தங்கிவிடும். மண்ணைவிட மெருகு மிகுதியாகச் சுருங்குவதே அவ்வெடிப்பிற்குக் காரணமாதலால், கலவையை மாற்றியே அதனைத் தவிர்க்க முடியும். ஈயம் கலந்த மெருகு அறவே விலக்கத்தக்கது. புளிக்குழம்பின் அமிலம் ஈயத்தைக் கரைத்தெடுக்கும்.

மலைக்குளிரும் தேநீரும்

லவ்டேலின் உயரத்தில் நீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. தேநீர் தொடக்கத்திலேயே சமவெளியினதைவிடச் சூடு குறைந்தது. குளிர்ந்து கிடக்கும் தடித்த கோப்பை அச்சூட்டிலும் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். ‘தடித்த கோப்பையே சூட்டைக் காக்கும்’ என்னும் பொதுக்கருத்து, கோப்பையை முன்னரே வெந்நீரால் அலசிச் சூடேற்றினால் மட்டுமே இங்குப் பொருந்தும். அலச நேரமில்லாத வீட்டிற்கு மெல்லிய சுவரும் குறுகிய வாயும் உடைய கோப்பையே ஏற்றது. வாய் குறுகினால் ஆவியாகும் பரப்பும் குறையும்.

அடுக்கிவைத்தல் பலரும் கருதாத கூறு. மெருகிடாத அடிவளையம் கீழுள்ள தட்டைக் கீறும். அதனைத் தேய்த்து மழமழப்பாக்கிய பின்னரே கலம் பட்டறையைவிட்டு வெளியேற வேண்டும். சிறிய அடுக்களையில் ஆறு தட்டுகள் ஒன்றினுள் ஒன்று அடங்காவிடில், அவை மீண்டும் அலமாரிக்கே செல்லும்.