தோட்டில் ஓடும் நீலம்

"ப்ளூ ஜாகர் இருக்கா?"

வைரத் தோடு எடுக்கப் போனால், கூட வரும் பெரியவர்களில் ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார். ஜாகர் என்பது ஊர்ப் பெயரின் மிச்சம். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்து வைரங்கள் சில, வெயிலில் மெல்லிய நீலம் காட்டின. சுரங்கத்தை 1971இல் மூடிவிட்டார்கள். பெயருக்கு மட்டும் நம் கடைகளில் இன்னும் மவுசு.

இயற்கை வைரங்கள் பெரும்பாலானவற்றில் கொஞ்சம் நைட்ரஜன் இருக்கும். கல்லில் மஞ்சள் தட்டுவது அதனால்தான். அதே நைட்ரஜன் அணுக்கள் ஒருவிதமாகச் சேர்ந்து அமைந்துவிட்டால், புற ஊதாக் கதிர் பட்டதும் கல் நீலமாக ஒளிரும். நீலம் மஞ்சளை மறைக்கும். வெயிலில் புற ஊதா உண்டு, கடையின் எல்இடி விளக்கில் அநேகமாக இல்லை. ஆகவே கல்லை வாசலுக்கு எடுத்துவந்து ஒருமுறை, உள்ளே ஒருமுறை பாருங்கள். வெயிலில் பால் கலந்ததுபோல மங்கினால் வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், நிறத்தில் முதல்தரமான கற்களில் இந்த ஒளிர்வு பலமாக இருந்தால் சர்வதேசச் சந்தை விலையைக் குறைக்கும். கூட வந்த பாட்டி கூடுதல் காசு கொடுத்துக் கேட்பதும் அதையேதான்! சான்றிதழில் 'ஃபுளோரசன்ஸ்' என்ற வரியைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசலாம்.

நிறத்தை டி முதல் இசட் வரை தரம் பிரிக்கிறார்கள். மஞ்சள் தங்கத்தில் பதிக்கும் கல்லுக்கு டி எதற்கு? தங்கத்தின் சாயல் எப்படியும் கல்லில் ஏறும்; ஜி, எச் போதும். தோஷம் பார்ப்பதோ நமக்குப் பழைய பழக்கம். காகபாதம் முதலான வைரக் குற்றங்களைச் சிலப்பதிகாரமே சொல்கிறது. இன்று பத்து மடங்கு பெருக்கும் லூப்பில் பார்க்கிறார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத புள்ளிக்காக நான் பணத்தைக் கொட்டமாட்டேன்.

கொட்டுவதென்றால் பட்டை தீட்டிய நேர்த்திக்குக் கொட்டுவேன். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. உள்ளே நுழைந்த ஒளி, அடிப்பட்டைகளின் கோணம் சரியாக இருந்தால் வெளியேற வழியின்றித் திரும்பி நம் கண்ணுக்கே வரும். கோணம் தப்பினால் அடிவழியே ஒழுகிவிடும். சரியான கோணங்களை மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் கல்லின் வயிற்றை ஆழமாக விட்டால் எடை மிஞ்சும், எடைக்குத்தானே விலை! அதனால் எத்தனை சென்ட் என்பதோடு எத்தனை மில்லிமீட்டர் என்றும் கேளுங்கள். நன்றாகத் தீட்டிய 1 காரட் (100 சென்ட், 0.2 கிராம்) வட்டக் கல் ஏறக்குறைய 6.5 மி.மீ. அகலம் இருக்கும்.

கடைக்காரர் பேனாபோன்ற கருவியை வைத்து 'பீப்' ஒலி கேட்கச் செய்வார். அது பெரும்பாலும் வெப்பம் கடத்தும் திறனைத்தான் அளக்கிறது, வைரம்போலத் தோன்றும் மாய்சனைட் கல்லுக்கும் ஒலிக்கும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் ஒலிக்கும், ஏனென்றால் அதுவும் அசல் வைரமே. திருப்பி விற்கும்போதுதான் விலை வித்தியாசம் உறைக்கும். நகையின் ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான் பொறுப்பு.

குளோஸ் செட்டிங்கில் கல்லின் அடியும் விளிம்பும் மூடிப்போகும். அதனால் கட்டுவதற்கு முன்பே கல்லைத் தனியாக எடை போட்டுவிடுங்கள். விளிம்பில் லேசரால் எண் பொறித்திருந்தால், லூப்பை வாங்கி அதைச் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள்.