ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கியர்பாக்ஸ் பழுதுபார்ப்பு

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்பது சென்னையிலிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் தயாரித்த கார் ஆகும். இது இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம். 948 சி.சி. எஞ்சினும் நான்கு முன்கியர்களும் கொண்டது. தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் உதிரிபாகங்கள் அரிதாகிவிட்டன. எனவே கியர்பாக்ஸைத் திறக்கும் முன், பழுது அதற்குள்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இயல்பும் பழுதும்

இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர்களில் மட்டுமே சிங்க்ரோமெஷ் அமைப்பு உண்டு. இதிலுள்ள பித்தளை வளையம், இணையப்போகும் பகுதிகளின் வேகத்தை உராய்வினால் சமப்படுத்துகிறது. முதல் கியருக்கு இவ்வசதி இல்லை. ஆகவே, வண்டி உருளும்போது முதல் கியர் போட்டால் கரகரவென்று சத்தம் வருவது பழுதன்று.

பழுதைக் கண்டறிதல்

- எல்லாக் கியர்களும் சிரமப்பட்டு விழுந்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை எனலாம். கிளட்ச் திரவம் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.
- இரண்டாம் கியரில் மட்டும் உரசினால், அதன் பித்தளை வளையம் தேய்ந்திருக்கலாம்.
- கீழ்க்கியர்களில் எழும் இரைச்சல் நான்காம் கியரில் அடங்கினால், துணைத்தண்டின் பற்களையோ அதன் தாங்கிகளையோ ஐயுறலாம். நான்காம் கியரில் சக்தி துணைத்தண்டு வழியாகச் செல்லாமல் நேரடியாகச் செல்வதே காரணம்.
- வடித்த ஆயிலில் மஞ்சள் துகள் மின்னினால் பித்தளைத் தேய்மானம். எஃகுச் சில்லுகள் இருந்தால் பல் அல்லது பேரிங் உடைந்திருக்கலாம்.

கழற்றுதல்

எஞ்சினை வெளியே எடுக்கத் தேவையில்லை. பேட்டரி இணைப்பைத் துண்டித்து, முன் இருக்கைகளையும் கியர்பாக்ஸ் மேல்மூடியையும் அகற்றி, எஞ்சினுக்கு ஜாக்கியால் தாங்கல் கொடுத்து, கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்தே வெளியே எடுக்கலாம். பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைப்பது மீண்டும் பூட்டுவதை எளிதாக்கும்.

ஆயிலும் உதிரிபாகங்களும்

ஜிஎல்-4 தர கியர் ஆயில் ஏற்றது. ஜிஎல்-5 ஆயில்கள் சிலவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.

ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, கார்களுக்கான துணைப்பொருள் கடைகளுக்குப் பெயர்பெற்றது. உடைக்கப்பட்ட பழைய வண்டிகளின் பாகங்களுக்குப் புதுப்பேட்டையில் தேடலாம். பழைய பற்சக்கரத்தைக் கையோடு எடுத்துச் சென்று, பற்களின் எண்ணிக்கையையும் விட்டத்தையும் ஒப்பிட்ட பிறகே வாங்க வேண்டும். தேய்ந்த பாகத்தையும் எறிந்துவிடக் கூடாது. மாற்றுப் பாகம் கிடைக்காதபோது, கடைசல் பட்டறையில் புதிதாகச் செய்வதற்கு அதுவே மாதிரியாகும்.