வரி இல்லை, ஆனால் துணி எங்கே நெய்யப்பட்டது?

ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம் நாட்டில் குறைவு. 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் அச்சலுகையை நிறுத்தியதும், 2017 மே மாதத்தில் திருப்பித் தந்ததும் பெரிய செய்திகளாகின. அது மீண்டும் பறிபோகுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் 27 சர்வதேச சமவாயங்களைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் சலுகை கையில் இருக்கும்போதே அதில் ஒரு கணிசமான பகுதி பயன்படாமல் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. அதற்குக் காரணம் அரசியல் அல்ல, துணி.

எந்தச் சலுகையும் இல்லாத நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குள் செல்லும் ஆடைகள் பெரும்பாலானவற்றுக்கு 12 சதவீதம் சுங்கத் தீர்வை உண்டு. 10 யூரோ பெறுமதியான சட்டைக்கு 1 யூரோ 20 சதம். சில சதங்களுக்காகக் கொள்வனவாளர்கள் நாடு விட்டு நாடு மாறும் இந்த வியாபாரத்தில் இது பெரிய தொகை. சலுகை பெற்ற நாட்டுக்கு இது பூச்சியமாகிறது. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்தச் சட்டை உண்மையிலேயே அந்த நாட்டுப் பொருளாக இருக்க வேண்டும்.

எது ஒரு நாட்டின் பொருள்? பருத்தி ஒரு நாட்டில் விளைகிறது, நூல் இன்னொரு நாட்டில் நூற்கப்படுகிறது, துணி சீனாவில் நெய்யப்படுகிறது, தையல் மட்டும் கட்டுநாயக்கவில் நடக்கிறது. இதைத் தீர்மானிப்பதற்கு ஐரோப்பா வைத்துள்ள அளவுகோலைத்தான் மூல நாட்டு விதி என்கிறோம். ஆடையைப் பொறுத்தவரை அதன் சாரம் இதுதான்: நூல் வெளியிலிருந்து வரலாம், ஆனால் நூலைத் துணியாக்குவதும் துணியை ஆடையாக்குவதும் சலுகை பெறும் நாட்டிலேயே நடக்க வேண்டும். இதை இரட்டை மாற்றம் என்பார்கள். தைப்பது மட்டும் போதும் என்றால் அது ஒற்றை மாற்றம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் ஏழை நாட்டுக்கு இது எவ்வளவு பாரம் என்பதைப் பாருங்கள். தையல் ஆலைக்குத் தேவை கட்டடமும் இயந்திரங்களும் உழைக்கும் கைகளும். நெசவும் சாயமிடலும் அப்படியல்ல. பெரும் முதலீடு, தடையில்லா மின்சாரம், ஏராளமான தண்ணீர் எல்லாம் வேண்டும்.

2001 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்காக 'ஆயுதங்கள் தவிர அனைத்தும்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெயரே சொல்வது போல, ஆயுதங்களைத் தவிர எதை அனுப்பினாலும் தீர்வை இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. (வாழைப்பழம், சீனி, அரிசி ஆகியவற்றுக்கு மட்டும் சில வருடங்கள் காத்திருக்கச் சொன்னார்கள்.) இவ்வளவு தாராளமான திட்டம் இருந்தும் ஆபிரிக்காவின் ஆடை ஏற்றுமதி ஐரோப்பாவை நோக்கி ஏன் பெருகவில்லை?

இந்த இடத்தில்தான் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ஓர் அரிய வாய்ப்புக் கிடைத்தது. பொருளியலாளர்களால் இரண்டு நாடுகளை ஆய்வுகூடத்தில் வைத்துப் பரிசோதிக்க முடியாது. ஆனால் ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவும் 'அகோவா' என்ற சட்டத்தின் கீழ் ஆபிரிக்க ஆடைகளுக்குத் தீர்வையை நீக்கியது. வேறுபாடு ஒன்றுதான். 22 ஆபிரிக்க நாடுகள் எந்த நாட்டுத் துணியையும் வாங்கித் தைத்து அனுப்பலாம் என்று அமெரிக்கா அனுமதித்தது. ஐரோப்பா இரட்டை மாற்றத்திலேயே நின்றது. ஒரே நாடு, ஒரே வகை ஆடை, இரண்டு சந்தைகள், இரண்டு விதிகள்.

ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் போல் கொலியரும் அந்தனி வெனபிள்ஸும் 2007இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த ஒப்பீட்டைச் செய்தார்கள். அமெரிக்கச் சந்தையில் ஆபிரிக்க ஆடைகள் பெருகின, ஐரோப்பியச் சந்தையில் அந்த வளர்ச்சி இல்லை. ஜெனீவா பல்கலைக்கழகத்தின் ஜேமி டி மெலோ, அல்பர்டோ போர்ச்சுகல்-பெரெஸ் என்பவருடன் சேர்ந்து 1996 முதல் 2004 வரையான தரவுகளை வைத்து இதை அளந்தே காட்டினார். கூடுதலாகப் பயன்பெற்ற ஏழு நாடுகளில் தீர்வை நீக்கத்தால் மட்டும் ஏற்றுமதி சுமார் 44 சதவீதம் கூடியது. துணியை எங்கிருந்தும் வாங்கலாம் என்ற தளர்வினால் கூடியதோ சுமார் 168 சதவீதம்! அதாவது வரியை நீக்கியதைவிட விதியை எளிதாக்கியது ஏறத்தாழ நான்கு மடங்கு பயன் தந்தது. லெசோதோ போன்ற ஒரு சின்னஞ்சிறு நாட்டில் இந்த இலக்கங்களுக்குப் பின்னால் இருப்பவர்கள், மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதன்முதலாகக் கண்ட ஆயிரக்கணக்கான பெண்கள்.

பங்களாதேஷின் அனுபவமும் இதையே சொல்கிறது. அங்கு பின்னலாடைத் துறைக்கு வேண்டிய துணி பெரும்பாலும் உள்நாட்டிலேயே தயாராகிறது. எனவே டீ-சேர்ட் எளிதில் சலுகை பெற்றது. சேர்ட், காற்சட்டை போன்ற நெய்த ஆடைகளுக்குத் துணி சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்ததால் அவற்றில் பெரும்பகுதி வரி கட்டியே சென்றது.

ஐரோப்பிய ஆணைக்குழு இந்த விதிகளை மறுபரிசீலனை செய்வதாக 2003இலேயே சொன்னது. ஆனாலும் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு ஒற்றை மாற்றம் போதும் என்ற திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2011 ஜனவரி 1ஆம் திகதிதான். ஆய்வுகள் மட்டுமே இதைச் சாதித்தன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாதாடியவர்களின் கையில் கணக்கைக் கொடுத்தவை அவையே. அதன்பின் பங்களாதேஷ், கம்போடியா ஆகிய இரு நாடுகளின் ஆடைகளும் ஐரோப்பாவில் வேகமாகப் பெருகின.

இலங்கைக்கு அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. நாம் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் இல்லை. ஜி.எஸ்.பி. பிளஸ் பெற்றாலும் இரட்டை மாற்றம் நம்மீது அப்படியே இருக்கிறது. இந்தியா போன்ற தெற்காசிய நாடுகளின் துணியைச் சேர்த்துக் கணக்கிட விதியில் இடமுண்டு. ஆனால் நமது ஆலைகளுக்கு வரும் துணியில் பெரும்பங்கு சீனாவுடையது. அதில் தைத்த ஆடை ஐரோப்பியத் துறைமுகத்தில் இறங்கும்போது முழுத் தீர்வையும் கட்டுகிறது.

இதே சிக்கல் பங்களாதேஷையும் எதிர்நோக்கியிருக்கிறது. அந்நாடு 2026 நவம்பரில் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேற வேண்டும் என ஐ.நா. பொதுச்சபை 2021இல் தீர்மானித்தது. வெளியேறிய பின்னரும் மூன்று வருடங்கள் பழைய சலுகை தொடரும் என்பது ஐரோப்பாவின் ஏற்பாடு. அதற்குப் பிறகு ஜி.எஸ்.பி. பிளஸ் கிடைத்தாலும் நெய்த ஆடைக்கு மீண்டும் அந்தப் பழைய கேள்விதான்: துணி எங்கே நெய்யப்பட்டது?

ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன், இலங்கை உள்ளிட்ட நாடுகளின் ஆடைகளுக்கு இவ்விதியைத் தளர்த்துவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. நம் ஆடை ஏற்றுமதியாளர்கள் அதை உடனே வரவேற்றார்கள். பிரசல்ஸிடம் பேசச் செல்லும் நமது அதிகாரிகளின் கோப்பில் சமவாயங்களின் பட்டியலோடு ஜெனீவாவின் அந்த 168 சதவீதமும் இருக்கிறதா என்று அவர்கள் கேட்பதில் தவறில்லை.