அழகன்குளம்

அழகன்குளம், இராமநாதபுரம் மாவட்டத்தில் வைகை ஆற்றின் முகத்துவாரத்திற்கு அருகே அமைந்துள்ள ஓர் ஊர் ஆகும். பாண்டியர் துறைமுகம் என்றதும் முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கையே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆயினும் மதுரையின் சொந்த ஆறு கடலைத் தொடும் பகுதியில் இருந்த துறைமுகம் இதுவே. சங்க இலக்கியம் கூறும் மருங்கூர்ப்பட்டினம் இவ்வூரே எனக் கருதுவோரும் உளர்.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986-87 முதல் பல கட்டங்களாக இங்கு அகழாய்வு நடத்தியது. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், நடுநிலக்கடல் நாடுகளிலிருந்து வந்த ஆம்போரா எனும் இருபிடிச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. ஒரு பானை ஓட்டில் கப்பலின் உருவம் கீறப்பட்டுள்ளது. அது உரோமானியக் கப்பலை ஒத்தது என்பர் ஆய்வாளர். கண்டவரே கீறியிருத்தல் வேண்டும்.

உரோமானிய நாணயங்களுள் சில கி.பி. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. கி.பி. முதலிரு நூற்றாண்டுகளோடு மேலைநாட்டுத் தொடர்பு அற்றுவிடவில்லை என்பதற்கு இவை சான்றாகும்.